பையன் வீட்டிலிருந்தே வழக்கை நடத்தலாம்!

புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. அது 18 வயது தாண்டிய வாலிபர்களுக்கானது. ஆனால், "சிறுவனைப் போலீஸ் பிடித்தாலும் அங்கேதான் அடைப்பார்கள்" என்று தாய்மார் சிலர் அஞ்சுகிறார்கள்.

அது தவறு!

18 வயது ஆகாத பிள்ளையை 'லாக்கப்'பிலோ, ஜெயிலிலோ அடைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும், இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள்.

ஜாமீன் உண்டா?

உண்டு. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஜாமீன் கொடுக்க ஆள் இல்லையா? நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் விடலாம்.

மறுக்க 3 காரணங்கள்தான் உண்டு. வெளியே விட்டால் பழைய குற்றவாளியோடு சேருவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெடும். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியவில்லையா? அதை மாற்றுவதற்காகப் பையனை மறுபடியும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? அடைபட்ட பிள்ளைக்குப் படிப்பு போகும். கூடா நட்பு சேரும். வழக்கில் அவன் நிரபராதி என்று தீர்ப்பானாலும், போன நாட்கள் திரும்பி வருமா?

பெற்றோர்களே! பயந்து ஒதுங்காதீர்கள். பிறப்புச் சான்றிதழுடன் குழுமத்துக்குப் போங்கள். ஜாமீன் கேளுங்கள். வக்கீல் உதவி இலவசம்!