பிறநாட்டுப் படங்களும் பழைய கொட்டகைகளும்

வேலூருக்கு மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை இணைத்துச் செல்லும் இருப்புப் பாதையின் இருமருங்கிலும் தோல் பதனிடும் கூடங்கள் பல உள்ளன. அங்குப் பதனிடப்பட்ட தோல் கப்பலேறிப் பிறநாடுகளுக்குச் சென்றதை இவ்வட்டார மாணவர் அனைவரும் அறிவர். தோல் கடல் கடந்து சென்ற அக்காலத்திலேயே, தகரப் பெட்டிகளில் அடைபட்டு வேறொரு பொருள் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. அதுவே திரைப்படச் சுருள்.

இவ்விரண்டுக்கும் உறவு கப்பற் பயணத்தோடு முடிந்துவிடவில்லை. படச்சுருள் என்பது ஒளி ஊடுருவும் மெல்லிய நாடா. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்புக்களைத் தாங்கிய பசையொன்று பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடத்தில் அவ்வுப்புக்கள் மாறுதலடைவதாலேயே உருவம் பதிகிறது. அவற்றை நாடாவோடு பிடித்து வைக்கும் பசை யாது? மாட்டின் எலும்பையும் தோலையும் பக்குவப்படுத்திக் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினே அது. தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையின் மிகத் தூய வடிவம் என்று அதனைக் கூறலாம். அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய ஷெப்பர்டு என்னும் அறிஞர், 1925-ஆம் ஆண்டளவில் ஒரு வியப்பைக் கண்டறிந்தார். ஜெலட்டின் சிலவற்றில் மட்டும் படம் நன்கு பதிவதற்குக் காரணம், அதிற் சிறிதளவு கலந்திருந்த கந்தகச் சேர்மமே என்பது அவர் கண்ட முடிவு. அச்சேர்மம், மாடுகள் மேய்ந்த கடுகு இனச் செடிகளிலிருந்து வந்தது! மாடு கடுகுச் செடியைத் தின்னாதிருப்பின் நாம் திரைப்படம் பார்த்திருக்க இயலாது என்று அந்நிறுவனத்தார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இத்தகைய சுருள்களைக் கொண்டு பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பொதுமக்களுக்குப் படம் காட்டினர். அடுத்த ஆண்டு சூலை 7-ஆம் நாளன்று பம்பாயில் வாட்சன் விடுதியில் அவர்கள் படங்கள் காட்டப்பெற்றன. சென்னை மக்களும் விரைவிலேயே இவ்விந்தையைக் கண்டனர். ஆயினும், சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் வாழ்ந்த நம் மக்களிடம் அதனைக் கொண்டு சேர்த்த பெருமை ஒரு தமிழருக்கே உரியது. அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியிலிருந்த அவர், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த தூப்பாண் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905-ஆம் ஆண்டில் படக்கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுநாதரின் வரலாற்றைக் காட்டும் படம் அவற்றுள் தலையாயது. நிலையான வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தையும் கருவியையும் சுமந்து ஊர்தோறும் செல்லத் துணிந்த அவரது நெஞ்சுரம் பெரிது. அவர் 1914-ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். அத்தெரு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.

அந்நாளைப் படங்கள் பேசாப் படங்கள். அதனைக் குறையென்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதுவே அவற்றின் வலிமையாக இருந்தது. பிரான்சு நாட்டிற் பிறந்த படமாயினும் அமெரிக்காவிற் பிறந்த படமாயினும், ஓடுவதும் அழுவதும் சிரிப்பதும் எல்லார்க்கும் பொதுவன்றோ! இடையிடையே தோன்றும் ஆங்கில எழுத்துக்களை வாசிக்க அறிந்தவர் மிகச் சிலர். அதற்கெனத் திரையருகே ஒருவர் நிற்பார். காட்சி நகர நகர, உரத்த குரலில் தமிழில் கதையை விளக்கிச் செல்வார். பிறநாட்டு வீரன் குதிரைமேற் பாயும்போது அவன் நம் ஊர்க் கதைத்தலைவனாகவே மாறிவிடுவான். எட்டி போலோ என்னும் அமெரிக்க நடிகரின் சண்டைத் தொடர்ப்படங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்த செல்வாக்கு மிகப் பெரிது. பல கொட்டகைகளில் ஒரே ஒரு படக்கருவிதான் இருந்தது. ஆதலால் ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும் வரையில் பாட்டோ நடனமோ மற்போரோ நடைபெறும். அவ்விடைவேளைக்காகவே வந்தவர்களும் இருந்தனர் என்பர்.

தொடக்கத்தில் படச்சுருள், நைட்ரோ செல்லுலோசு என்னும் பொருளால் ஆனது. வெடிப்பஞ்சும் அதுவும் ஓரினம். பற்றிக்கொண்டால் நீர் ஊற்றியும் அணைத்தல் அரிது. அதனருகிலேயே கரிமுனைகளுக்கிடையே எரியும் பெருவிளக்கு! கூடாரத்துள் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது. 1918-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அரங்குகளுக்கு உரிமம் வேண்டுமென்று விதித்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இயந்திர அறையைத் தனியே கட்டியதும், நிலையான கட்டடங்கள் பெருகியதும் இவ்வாறே. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் 1913-ஆம் ஆண்டில் எலெக்ட்ரிக் தியேட்டரை அமைத்தார். ரகுபதி வெங்கையா அதனையடுத்துக் கெயிட்டி அரங்கைக் கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் எழுப்பிய முதல் திரையரங்கு அது.

பிறநாட்டுப் படங்களை நம்மவர் வெறுமனே பார்த்துக் களித்ததோடு நின்றனரா? இல்லை. ஏசுநாதரின் வரலாற்றுப் படத்தைப் பம்பாயில் கண்ட பால்கே, நம் தெய்வங்களும் திரையில் தோன்ற வேண்டுமென்று எண்ணினார். 1913-ஆம் ஆண்டில் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கினார். அவர் வழியைப் பின்பற்றியவர் நம் வேலூரிற் பிறந்த நடராச முதலியார். அவர் சென்னையில் மோட்டார் உறுப்புக்கள் விற்றுவந்த வணிகர். பூனாவுக்குச் சென்று ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் படம்பிடிக்கும் கலையைக் கற்றார். புரசைவாக்கத்தில் நிலையம் அமைத்து, 1917-ஆம் ஆண்டை ஒட்டிக் கீசகவதம் என்னும் பேசாப் படத்தை எடுத்தார். தென்னாட்டில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் அதுவே. தோல் வணிகத்தால் மட்டும் பெயர் பெற்றதன்று இவ்வட்டாரம் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

1931-ஆம் ஆண்டில் காளிதாஸ் வெளிவந்தது. திரை தமிழ் பேசத் தொடங்கியது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதே ஒலி, பிறநாட்டுப் படத்துக்கும் நம் மக்களுக்கும் இடையே ஒரு சுவரையும் எழுப்பிற்று. விளக்கம் கூறுவோரின் குரலுக்கு இனி இடமில்லை. ஆங்கிலம் அறிந்தோர் செல்லும் அரங்கு, அறியாதோர் செல்லும் அரங்கு என்று இருவகை தோன்றின. சென்னையில் 1941-ஆம் ஆண்டில் எழுந்த காசினோவும், 1964-ஆம் ஆண்டில் எழுபது மில்லிமீட்டர் அகலப் படங்களுக்கென எழுந்த சபையரும் முதல் வகைக்குப் பெயர் பெற்றவை. மாவட்ட நகரங்களில் ஆங்கிலப் படம் பெரும்பாலும் காலைக்காட்சி என்னும் சிறு இடத்தில் ஒதுங்கியது. என் இளமையில் இவ்வட்டாரக் கொட்டகையொன்றில் அத்தகைய காட்சிகள் சிலவற்றைக் கண்டிருக்கிறேன். பலகையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் தம் பக்கத்தாருக்குத் தமிழிலும், பின்னால் இருந்தாருக்கு உருதுவிலும் கதை கூறிக்கொண்டே இருப்பார். அவர் கூறிய கதைக்கும் திரையில் நடந்ததற்கும் எவ்வளவு பொருத்தம் என்பதைப் பின்னாளில் ஆங்கிலம் கற்ற பிறகே உணர்ந்தேன். பெரியவரின் கதையே சில இடங்களில் நயமாக இருந்தது!

படங்களின் நிலை யாதாயிற்று? கீசகவதத்தின் ஒரு படியும் இன்று இல்லை. நைட்ரோ செல்லுலோசு எரியாவிட்டாலும் தானாகவே சிதைந்து தூளாகும் இயல்பினது. ஓடி முடிந்த படங்களைக் காய்ச்சி வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றதும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-ஆம் ஆண்டில்தான் தோன்றிற்று. அதற்குள் பேசாப் படங்களுள் பெரும்பகுதி மறைந்துவிட்டது. தென்னாட்டுப் பேசாப் படங்களில், நாகர்கோவிலைச் சார்ந்த சுந்தரராசு 1930-களில் எடுத்த மார்த்தாண்ட வர்மா போன்ற மிகச் சிலவே எஞ்சின.

கட்டடங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. கெயிட்டி இல்லை, சபையர் இடிக்கப்பட்டுவிட்டது. மாவட்ட நகரங்களில் கொட்டகைகள் இருந்த இடங்களில் திருமண மண்டபங்களும் கடைத்தொகுதிகளும் எழுந்துள்ளன. எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் தப்பியது. அதனைக் காத்தவர் கலையார்வலர் அல்லர், அஞ்சல் துறையினர். சில ஆண்டுகளே படம் ஓடிய அக்கட்டடத்தை அவர்கள் தம் தேவைக்கென வாங்கிக்கொண்டனர். அண்ணாசாலை அஞ்சலகத்துக்குச் செல்வோர், அவ்வளாகத்தினுள் அஞ்சல்தலைச் சேகரிப்போர்க்கென அமைந்த பிரிவுக்குள் நுழைந்தால், தாம் நிற்கும் கூடத்திலேயே ஒரு நூற்றாண்டுக்கு முன் பிறநாட்டுப் படங்கள் ஓடின என்பதை எண்ணிப் பார்க்கலாம்.