புகை மேலே, காற்று பக்கவாட்டில்: ஹாட் ராட் இன்ஜினின் வழியை மாற்றினால் என்ன ஆகும்?

வழக்கமான வி8 இன்ஜினில் என்ன தெரியும்? இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கார்புரேட்டர். இரண்டு ஓரங்களிலும் கீழே இறங்கும் புகைக்குழாய்கள். அமெரிக்க ஹாட் ராட் பிரியர்கள் சிலர் இதை அப்படியே மாற்றிப் போடுகிறார்கள். ஓரத்தில் கார்புரேட்டர், நடுப் பள்ளத்திலிருந்து எட்டுக் குழாய்கள் பாம்புபோல நெளிந்து மேலே வரும். பார்க்க செம கெத்து! ஆனால் குழாயை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே ஒரு கணக்கு தப்பினாலும் வால்வு கருகும், இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

ஹாட் ராட் என்றால் என்ன?

பழைய அமெரிக்க கார்களை, குறிப்பாக 1930களின் ஃபோர்டுகளை எடை குறைத்து, இன்ஜினைச் சீண்டி வேகமாக்கியதுதான் ஹாட் ராட். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்த இளைஞர்களிடம் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய கலாச்சாரமாகவே மாறியது. அவர்களின் செல்லப்பிள்ளை, 1932இல் வந்த ஃபோர்டின் ‘ஃபிளாட்ஹெட்’ வி8. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வந்த முதல் வி8 இதுதான்.

அதில் அப்படி என்ன பிரச்சினை?

வெப்பம். ஃபிளாட்ஹெட்டில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லை, பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே இருக்கின்றன. மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடி மாதிரிதான். வால்வுகள் நடுப் பள்ளத்தின் பக்கம் இருப்பதால் புகை வெளியே வர பிளாக்குக்குள் புகுந்து, சிலிண்டர்களுக்கு இடையே வளைந்து, மறுபக்கம் போயாக வேண்டும். போகிற வழியெல்லாம் சூட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் போகும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு பக்கமும் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாசல்கள். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ளும். ரேடியேட்டர் கொதிப்பது இந்த இன்ஜினின் பிறவிக் குணம்.

இங்கேதான் அந்த யோசனை பிறக்கிறது: புகையைச் சுற்றவிடாமல், பக்கத்தில் இருக்கும் பள்ளத்தின் வழியாக நேராக மேலே விட்டால் என்ன?

எப்படி மாற்றுகிறார்கள்?

இன்ஜின் நான்கு வேலை செய்கிறது: காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உறிஞ்சும், அழுத்தும், எரிக்கும், புகையைத் தள்ளும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். அதில் உள்ள முட்டை வடிவ மேடுகள்தான் வால்வைத் தூக்குகின்றன. எனவே வழியை மாற்ற வேண்டுமானால் கேம்ஷாஃப்ட்டைப் புதிதாகக் கடைந்தாக வேண்டும். இதுவரை உறிஞ்சிய வால்வு இனி புகை தள்ளும் நேரத்தில் திறக்க வேண்டும். மற்றது நேர்மாறாக.

இதைப் புரிந்துகொள்ள டீசல் வண்டிகள் ஒரு வேடிக்கையான உதாரணம். பழைய டீசல் வண்டி ஏற்றத்தில் நின்று, கியரிலேயே பின்னால் உருண்டால், அரிதாக இன்ஜின் தலைகீழாகச் சுழன்று ஓடத் தொடங்கிவிடும். அப்போது சைலன்சர் வழியே காற்று உள்ளே போகும், ஏர் ஃபில்டரிலிருந்து கரும்புகை கக்கும்! சுழற்சி திரும்பினால் வால்வுகளின் வேலையும் இடம் மாறிவிடுகிறது. ஹாட் ராட்காரர்கள் இன்ஜினைத் தலைகீழாகச் சுழற்ற முடியாது. ஆயில் பம்ப், ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் எல்லாமே தகராறு செய்யும். அதனால்தான் சுழற்சியை விட்டுவிட்டு கேம்ஷாஃப்ட்டை மாற்றுகிறார்கள்.

அது மட்டும் போதுமா?

போதாது. பெட்ரோல் இன்ஜினின் புகை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இன்டேக் வால்வுக்கு அந்தச் சூடு பழக்கமில்லை, வந்து போகும் குளிர்ந்த கலவையே அதைக் குளிர்விக்கும். எனவே புகை பக்கம் மாறிய வால்வையும் அது உட்காரும் வளையத்தையும் சூடு தாங்கும் உலோகத்தில் போட வேண்டும். சூட்டில் விரியும் என்பதால் இடைவெளியையும் கூட்டி வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் அளவு. வால்வுகள் ஹெட்டில் இருக்கும் பிற்கால வி8களில் இன்டேக் வால்வு பெரியது, புகை வால்வு சிறியது. வெறுமனே இடம் மாற்றினால் இன்ஜின் சிறிய மூக்கால் மூச்சுவிட வேண்டிய நிலை. ஃபிளாட்ஹெட்டில் இந்தத் தொல்லை குறைவு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் அங்கே வேறு வினை: கலவை இப்போது அந்த நீண்ட, சூடான, வளைந்த பழைய புகைப் பாதை வழியாக உள்ளே வர வேண்டும். சூடான கலவை அடர்த்தி குறைந்தது, சக்தியும் குறையும். ஒரு கையில் வாங்கியதை மறு கையில் கொடுக்கிற கதைதான்.

பள்ளத்தில் குவியும் சூடு கீழே உள்ள ஆயிலைக் கருக்கலாம், பக்கத்து ஒயர்களை உருக்கலாம். வெப்பத் தடுப்புத் தகடு, குழாய்களுக்குச் சுற்றுத் துணி எல்லாம் இங்கே அலங்காரம் அல்ல, அவசியம். பெட்ரோல் குழாய் அருகில் ஓடினால் விபரீதம்.

பெரிய கம்பெனிகள் இதைச் செய்ததுண்டா?

நிறைய. இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கு ஃபோர்டு 1964இல் உருவாக்கிய நான்கு கேம்ஷாஃப்ட் வி8இல் புகைக்குழாய்கள் நடுப் பள்ளத்தில்தான் இருந்தன. அடுத்த ஆண்டு அந்த இன்ஜின் பொருத்திய லோட்டஸ் 38 காரில் ஜிம் கிளார்க் வென்றார். 2008இல் பிஎம்டபிள்யூ தன் 4.4 லிட்டர் வி8இல் இரட்டை டர்போக்களையே பள்ளத்துக்குள் வைத்தது. புகை உடனே டர்போவை அடைவதால் தாமதம் குறைகிறது, இன்ஜினும் கச்சிதமாகிறது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி, ஆடி போன்றவையும் இதே வழியில் போயின.

பைக்கிலும் உண்டு. 2010 யமஹா ஒய்இசட்450எஃப்பில் காற்று முன்பக்கமாக நுழையும், புகை பின்பக்கமாக வெளியேறும். ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர், அப்பாச்சி ஆர்ஆர் 310 இரண்டிலும் இதே ஏற்பாடுதான். சிலிண்டர் பின்னால் சாய்ந்திருக்கும், ஹெட் 180 டிகிரி திரும்பியிருக்கும். எடை முன்னால் நகர்வதால் வளைவில் பிடிப்பு கூடும்.

அப்படியானால் செய்யலாமா?

வித்தியாசம் இதுதான்: கம்பெனிகள் முதல் கோட்டிலிருந்தே அப்படி வடிவமைக்கின்றன. புகை வழி, தண்ணீர் வழி, வால்வு அளவு எல்லாம் அதற்கேற்ப அமைகிறது. ஹாட் ராட்காரரோ வேறு கணக்கில் வார்த்த இரும்போடு மல்லுக்கட்டுகிறார். சக்தி மட்டும்தான் வேண்டும் என்றால் நல்ல ஹெட், நல்ல கார்புரேட்டர், பெரிய ரேடியேட்டர் போதும், செலவும் குறைவு. இல்லை, பானட்டைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அதுவும் ஓட வேண்டும் என்றால், முதல் செலவு குழாய்க்கு அல்ல, கேம்ஷாஃப்ட்டுக்கும் வால்வுக்கும்தான்.