இடுப்புக்குள் ஒரு பந்து

பாலே ஆடுகிறவர்கள் பாதங்களை இரண்டு பக்கமும் விரித்துவைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி முடிகிறது என்று யோசித்ததுண்டா? யோசித்திருந்தால் சபாஷ்! அந்த ஒரு கேள்விக்குள் எலும்பு, மூட்டு, விசை எல்லாம் இருக்கின்றன.

முதலில் ஜெர்மனியில் உள்ள வுப்பர்தால் நகருக்குப் போவோம். அங்கே பினா பவுஷ் என்ற நடன மேதை 1975-ல் 'வசந்தத்தின் சடங்கு' என்ற நடனத்தை அமைத்தார். மேடை முழுக்க மண்ணைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் தன் குழுவினரை ஆடவைத்தார். ஓடுவார்கள், விழுவார்கள், உடம்பெல்லாம் மண் அப்பிக்கொள்ளும். இது தற்கால நடனம். பாலே மாதிரியே இருக்காது.

ஆனால் அந்தக் குழுவினருக்குப் பாலே வகுப்பும் உண்டு! பினா இளம்பெண்ணாக நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் படித்தபோது, ஆல்ஃப்ரெடோ கொர்வினோ அங்கே பாலே ஆசிரியர். பின்னாளில் அவரே பினாவின் குழுவுக்கும் பாடம் நடத்தினார். மண்ணில் புரளுகிறவர்களுக்குப் பாலே எதற்கு?

அதைத் தெரிந்துகொள்ள எழுந்து நில்லுங்கள். முழங்காலை நன்றாக நீட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். தொடையில் கை வைத்துப் பாருங்கள். தொடையும் சேர்ந்து திரும்புகிறதா? ஆம்! திருப்பம் இடுப்பிலிருந்து வருகிறது. தொடை எலும்பின் மேல்முனை உருண்டை. அது இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் 'பந்துக் கிண்ண மூட்டு' என்று படிப்பீர்களே, அதுதான். எல்லாப் பக்கமும் சுழலும்.

முழங்கால் அப்படி இல்லை. அது கீல் மூட்டு. மடங்கும், நீளும். மடங்கியிருக்கும்போது மட்டும் கொஞ்சம் திருகும். இங்கேதான் சிலர் ஏமாற்றுவார்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தை அகல விரித்துவிட்டு, அப்படியே நிமிர்வார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். நாளடைவில் வலி வந்துவிடும்.

அதனால் நல்ல ஆசிரியர் பாதத்தை மட்டும் பார்க்கமாட்டார். மாணவர் முழங்காலை மடக்கும்போது அதன் சில்லு எங்கே போகிறது என்று கவனிப்பார். அது கால்விரல்களுக்கு நேராகப் போகவேண்டும். உள்பக்கம் சாய்ந்தால், "பாதத்தைக் கொஞ்சம் குறைத்து விரி" என்பார். தற்கால நடனக்காரர்களுக்குப் பாதம் 180 டிகிரி விரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூட்டுகள் சரியாக வேலை செய்வதுதான் முக்கியம். பாலே அவர்களுக்குத் தரும் பெரிய பரிசு இதுதான் என்பேன்.

புரிகிறதா? இன்னும் ஒன்றே ஒன்று.

பாலேவில் முழங்காலை மடக்குவதற்குப் 'பிளியே' என்று பெயர். மரத்திலிருந்து அண்ணன் போடும் மாங்காயைப் பிடிக்கும்போது கையைக் கீழே இறக்கிக்கொண்டே பிடிப்பீர்கள் அல்லவா? இல்லாவிட்டால் கை எரியும். குதித்து இறங்குகிறவரும் அப்படித்தான் முழங்காலை மடக்குகிறார். உடம்பு நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. தாக்கும் விசை குறைகிறது. மேடை மண்ணாக இருந்தாலும் மரப்பலகையாக இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான்.

நீங்களும் மெதுவாகக் குதித்துப் பாருங்கள். இறங்கும்போது முழங்காலை மடக்குங்கள், சில்லு விரல்களுக்கு நேராக இருக்கிறதா என்று தம்பியையோ தங்கையையோ பார்க்கச் சொல்லுங்கள்.