எவர்கிரீன் டெரஸ் எங்கே இருக்கிறது தெரியுமா?

கதவு எண் 742, எவர்கிரீன் டெரஸ், ஸ்பிரிங்ஃபீல்ட். ‘தி சிம்ப்சன்ஸ்’ பார்த்தவர்களுக்கு இந்த முகவரியை விளக்கவே வேண்டாம். 1989 டிசம்பர் 17-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் தொடர், 750 அத்தியாயங்களைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. ஹோமர், மார்ஜ், பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி என்று ஐந்து பேர் கொண்ட அந்த மஞ்சள் நிறக் குடும்பம் அன்றும் இன்றும் குடியிருப்பது இதே வீட்டில்தான். பார்ட்டுக்கு அப்போதும் பத்து வயது, இப்போதும் பத்து வயது!

ஸ்பிரிங்ஃபீல்ட் கற்பனை ஊர். ஆனால் எவர்கிரீன் டெரஸ் என்ற தெரு நிஜமாகவே இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவின் மேற்கே, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், மலைச்சரிவில் உள்ள சின்னத் தெரு அது. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் வளர்ந்தது அங்கேதான். அவருடைய அப்பாவின் பெயர் ஹோமர். அம்மாவின் பெயர் மார்கரெட், கூப்பிடும் பெயர் மார்ஜ். தங்கைகள் லிசா, மேகி! ‘பாட்டி’ என்ற பெயர் கொண்ட அக்காவையும் அவர் விடவில்லை. கதையில் மார்ஜின் அக்கா ஆகிவிட்டார். அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் விக்கம். அது ஸ்பிரிங்ஃபீல்டின் போலீஸ் தலைவருக்குப் போனது. தன் பெயரை மட்டும் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் வாலுப் பையனைக் குறிக்கும் ‘பிராட்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘பார்ட்’ ஆக்கிவிட்டார்.

இவ்வளவும் பல மாதம் யோசித்துச் செய்தது என்றுதானே தோன்றும்? தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸின் அலுவலக வரவேற்பறையில், உள்ளே கூப்பிடுவதற்குள் சில நிமிடங்களில் பிறந்த குடும்பம் இது! க்ரோனிங் அப்போது ‘லைஃப் இன் ஹெல்’ என்ற சித்திரத் தொடரை வரைந்துகொண்டிருந்தார். அதைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் உரிமை கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம் கடைசி நேரத்தில் வந்தது. வேறு எதையாவது காட்டியாக வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது சொந்தக் குடும்பம்தான். 1987 ஏப்ரலில் ‘தி ட்ரேசி உல்மன் ஷோ’வின் நடுவே குட்டிக் குட்டித் துண்டுகளாக அந்தக் குடும்பம் முதன்முதலில் திரைக்கு வந்தது.

இப்போது பக்கத்து வீட்டுக்குப் போவோம். கதவு எண் 744. மீசையும் கண்ணாடியுமாக, எதற்கும் கோபப்படாத பக்திமான் நெட் ஃபிளாண்டர்ஸின் வீடு. போர்ட்லண்டில் ஃபிளாண்டர்ஸ் என்பது ஒரு வீதி! ஊர்ப் பாதிரியார் லவ்ஜாய், மேயர் குவிம்பி, பள்ளி முரடன் கியர்னி என்று எல்லாருமே போர்ட்லண்ட் வீதிகள். பார்ட்டைக் கொல்லத் துடிக்கும் சைட்ஷோ பாபின் முழுப் பெயரில் உள்ள டெர்வில்லிகர்கூட அந்த ஊரில் வளைந்து வளைந்து போகும் ஒரு சாலைதான். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ்? பர்ன்சைட் வீதியில் பாதி! அவருடைய முதல் பெயரான மாண்ட்கோமரி, ஊரில் ஒரு பெரிய கட்டடத்தின் உச்சியில் ஒளிரும் பெயர்ப்பலகையிலிருந்து வந்தது.

இந்த வீதிகளிலேயே இன்னொரு அதிசயம் இருக்கிறது. போர்ட்லண்டின் வடமேற்குப் பகுதியில் அவை ஆங்கில அகர வரிசையில் நிற்கின்றன. பர்ன்சைட், கூச், டேவிஸ், எவரெட், ஃபிளாண்டர்ஸ் என்று போய், கியர்னி, லவ்ஜாய், மார்ஷல் தாண்டி, குவிம்பியும் கடந்து நீள்கிறது வரிசை. முதலில் அவற்றுக்கு ஏ வீதி, பி வீதி என்று எழுத்து மட்டுமே பெயர். 1891-இல் ஊரின் பழைய குடிகளை நினைத்து முழுப் பெயர்கள் சூட்டினார்கள். அப்படிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் ஏசா லவ்ஜாய். அவர் யார் தெரியுமா? ஊரை நிறுவிய இருவரில் ஒருவர். மாசசூசெட்ஸ்காரரான அவருக்கு ஊரின் பெயர் பாஸ்டன் என்று இருக்க வேண்டும். கூட்டாளி பிரான்சிஸ் பெட்டிகுரோவ் மேய்ன் மாநிலத்துக்காரர். அவருக்குப் போர்ட்லண்ட்தான் வேண்டும். 1845-இல் ஒரு பென்னிக் காசை மூன்று முறை சுண்டிப் பார்த்தார்கள். லவ்ஜாய் தோற்றார். தோற்றவர் பெயர் ஒரு வீதிக்குப் போய், வீதியின் பெயர் உலகமெங்கும் தெரிந்த ஒரு கார்ட்டூன் பாதிரியாருக்குப் போனது! சுண்டிய காசு ஓரிகன் வரலாற்றுக் கழகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஊரின் பெயர்களைக் கார்ட்டூன் எடுத்துக்கொண்டது பாதிக் கதைதான். கார்ட்டூனிலிருந்து ஊர் எடுத்துக்கொண்டது மீதி! ஃபிளாண்டர்ஸ் வீதியின் வடகிழக்குப் பகுதிப் பலகைகளில் திசையைக் குறிக்க ‘என்’, ‘ஈ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். குறும்புக்கார ரசிகர்கள் அதன் பக்கத்தில் ஒரு ‘டி’யைச் சேர்த்துவிடுவார்கள். அவ்வளவுதான், வீதி நெட் ஃபிளாண்டர்ஸ் ஆகிவிடும். மாநகராட்சியும் பிறகு அந்த வழிக்கே வந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று ஒரு பாலம் கட்டி 2021-இல் திறந்தார்கள். அதன் அதிகாரபூர்வப் பெயர் ‘நெட் ஃபிளாண்டர்ஸ் கிராசிங்’! இல்லாத ஒரு மனிதரின் பெயரில், தினமும் ஆட்கள் நடக்கும் இரும்புப் பாலம்.

சிம்ப்சன்களின் எதிர் வீட்டில் யார் குடிவந்தார் தெரியுமா? அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி! இந்த வம்பு தொடங்கியது 1990-இல். ஜனாதிபதியின் மனைவி பார்பரா புஷ், தான் பார்த்ததிலேயே படுமுட்டாள்தனமானது இந்தத் தொடர் என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார். எழுத்தாளர்கள் சண்டைக்குப் போகவில்லை. மார்ஜ் சிம்ப்சனே எழுதுவதுபோல மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினார்கள். பார்பராவும் மார்ஜுக்கே எழுதுவதுபோல மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: இருந்த ஒரு பெண்மணி, இல்லாத ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதம்!

கணவர் ஜார்ஜ் புஷ் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப்போல ஆகாமல், ‘தி வால்டன்ஸ்’ என்ற பழைய தொடரில் வரும் குடும்பத்தைப்போல ஆக வேண்டும் என்று 1992 ஜனவரியில் மேடையில் பேசினார். மூன்றே நாளில் தொலைக்காட்சியில் பதில் வந்தது. நாங்களும் வால்டன்களைப்போலத்தான், பொருளாதார மந்தம் தீர வேண்டும் என்று பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறோம் என்றான் பார்ட். நான்கு வருடம் கழித்து, 1996 ஜனவரியில் வந்த அத்தியாயத்தில் புஷ் தம்பதியே எவர்கிரீன் டெரஸில் வீடு வாங்கிக் குடிவந்துவிட்டார்கள்! ஹோமரோடு மோதி, கடைசியில் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார் புஷ். வாங்கி வருபவர் இன்னொரு முன்னாள் ஜனாதிபதி, ஜெரால்ட் ஃபோர்ட். அவரும் ஹோமரும் பார்த்த மாத்திரத்தில் சிநேகிதர்கள்.

சரி, 742-ஆம் எண் வீட்டை ஹோமர் எப்படி வாங்கினார்? 1992 டிசம்பரில் ஒளிபரப்பான ‘லிசாவின் முதல் சொல்’ என்ற அத்தியாயத்தில் பதில் இருக்கிறது. நெருக்கமான சின்ன அபார்ட்மென்டில் இருந்த குடும்பம், லிசா பிறக்கப்போகிறாள் என்றதும் வீடு தேடுகிறது. காசு இல்லை. ஹோமரின் அப்பா தன் சொந்த வீட்டை விற்றுப் பணம் கொடுக்கிறார். நன்றியாக அவரைக் கூடவே வைத்துக்கொண்ட மகன், மூன்றே வாரத்தில் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறான்! சிரிப்புக்குள் இப்படி ஒரு முள்ளை வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும். அதே அத்தியாயத்தின் முடிவில், வாய் திறக்காத மேகி தனியாக இருக்கும்போது ‘டாடி’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்த ஒற்றைச் சொல்லுக்குக் குரல் கொடுத்தவர் நடிகை எலிசபெத் டெய்லர்!

கல்லூரிப் படிப்பு இல்லாத ஒருவர், ஒரே சம்பளத்தில், மனைவி மூன்று குழந்தைகளோடு மாடி வீட்டில் வாழ்வது தொடர் தொடங்கிய காலத்தில் சாதாரணக் காட்சி. 2020-இல் ‘தி அட்லாண்டிக்’ பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை, அந்த வாழ்க்கை இப்போது எட்டாக்கனி என்று எழுதியது. தொடரே அதை ஒப்புக்கொண்டு 2022 மே மாதத்தில் பாட்டும் கூத்துமாக ஓர் அத்தியாயம் எடுத்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அப்பா வாழும் வாழ்க்கைதான் என்கிறான் பார்ட். அது இனி கிடைக்காது தம்பி என்று பாடிக் காட்டும் துப்புரவுத் தொழிலாளிக்குக் குரல் நடிகர் ஹியூ ஜாக்மன்.

சிம்ப்சன்களின் வீட்டையே நிஜத்தில் கட்டினார்கள் தெரியுமா? 1997-இல் நெவாடா மாநிலத்தின் ஹெண்டர்சனில், ஒரு போட்டியின் முதல் பரிசாக! 2,200 சதுர அடி, இரண்டு மாடி, நான்கு படுக்கையறை, வெளியே பளீரென்ற கார்ட்டூன் வண்ணம், சமையலறை ஜன்னலில் சோளக்கதிர் படம் போட்ட திரைச்சீலை வரை அச்சு அசல். ஜெயித்தவர் வீட்டுக்குப் பதிலாகப் பணத்தை வாங்கிக்கொண்டார். குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி அந்தப் பளீர் வண்ணமும் பின்னர் மறைந்தது. பெரிய வீடு வேண்டாம், மேஜை அளவு போதும் என்பவர்களுக்காக 2014-இல் லெகோ நிறுவனம் இதே வீட்டை 2,523 துண்டுகளாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கடைசியாக, ஸ்பிரிங்ஃபீல்ட் எந்த மாநிலத்தில்? சின்ன வயதில் க்ரோனிங் பார்த்த ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’ தொடர் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும். அது ஓரிகனில் தன் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்ட்தான் என்று நினைத்துப் பூரித்திருக்கிறான் அந்தச் சிறுவன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரில் அமெரிக்கா முழுக்க ஊர்கள்! யாரும் தன் ஊர் என்று சொல்லிக்கொள்ளட்டும் என்றே அதைத் தேர்ந்தெடுத்தார். 2007-இல் சிம்ப்சன்ஸ் சினிமா வந்தபோது, ஊருக்கு நான்கு பக்கமும் இருக்கும் மாநிலங்கள் ஓஹாயோ, நெவாடா, மேய்ன், கென்டக்கி என்கிறார் நெட் ஃபிளாண்டர்ஸ். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஒன்று நாட்டின் ஒரு கோடி, இன்னொன்று மறுகோடி!

அதே சினிமாவின் முதல் காட்சி எந்த ஸ்பிரிங்ஃபீல்டில் என்பதற்குப் பல ஸ்பிரிங்ஃபீல்டுகள் போட்டி போட்டன. இணையத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. இல்லினாய் மாநிலத்தின் தலைநகரமான ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கிடைத்தவை 14,634 ஓட்டுகள். ஜெயித்தது வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் ஒரு சிற்றூர், 15,367 ஓட்டுகளோடு. அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே ஒன்பதாயிரம் சொச்சம்தான்!