முதற் குதிரையைத் தேர்தல்

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்க்கலாகாது என்பர். விலை கொடுத்து வாங்கும் குதிரைக்கு அது பொருந்தாது. வயதுவந்தபின் குதிரையேற்றம் பயின்று, முதன்முதலாகக் குதிரை வாங்க முற்படுவோர் பல்லையும் பார்த்தல் வேண்டும். அதனினும் மேலாகக் குணத்தைப் பார்த்தல் வேண்டும்.

குதிரைக்கு முன்வாயின் நிலைப்பற்கள் ஏறத்தாழ 2½, 3½, 4½ வயதுகளில் இணையிணையாக முளைக்கும். 5 வயதில் வாய் நிறையும். அதன்பின் பல்லின் தேய்வு கொண்டு வயதை மதிப்பிடலாமேயன்றி, அறுதியிட்டுக் கூறவியலாது. இளங்குதிரை மலிவாகக் கிடைப்பினும் புதியவர்க்கு ஆகாது. எழுத்தறியா மாணாக்கனுக்கு எழுத்தறியா ஆசிரியனை அமர்த்துவது போன்றது அது. இருவரும் அஞ்சுவர், குதிரை ஓடும், ஏறியவர் விழுவார். நன்கு பயின்ற 10 முதல் 15 வயதுக் குதிரையே ஏற்றது. 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழவல்ல விலங்குக்கு அது முதுமையன்று.

சுழி பார்த்து வாங்குவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். சுழியைவிட நடத்தையே நல்ல சான்று. குளம்பைத் தூக்கும்போதும் சேணம் பூட்டும்போதும் குதிரை அமைதியாக நிற்கிறதா என்று நோக்குக. முதலில் விற்பவரை ஏறச் செய்து, பின்னரே தாம் ஏறுக. போய்ச் சேருமுன்பே அது வியர்த்திருப்பின், முரட்டுத்தனம் தெரியாதிருக்க ஓட்டிக் களைப்பித்தனரோ என்று ஐயுறுக. மற்றொரு நாள் சொல்லாமற் சென்று பார்க்க.

ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது பொதுவான கணக்கு; 500 கிலோகிராம் குதிரைக்கு 100 கிலோகிராம். இறுதியாக, விற்பவரைச் சாராத கால்நடை மருத்துவர் கண், இதயம், நுரையீரல், கால்கள் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நோவடக்கும் மருந்தால் நொண்டலை மறைப்பதும் உண்டு. அதனை இரத்தச் சோதனை காட்டிக் கொடுக்கும்.

அழகில் மயங்கி வாங்கிய குதிரை, அடங்காதபோது கைமாறிக் கைமாறிச் சீரழியும். பொருத்தம் பார்ப்பது ஏறுபவரின் உயிர்க்காப்பு மட்டுமன்று. வாயில்லா உயிரின் நல்வாழ்வும் ஆகும்.