கட்டைவிரலைத் துள்ளவைக்கும் காந்தம்

தலைக்கருகே ஒரு கம்பிச்சுருளைப் பிடிக்கிறார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம். மறுபக்கக் கையின் கட்டைவிரல் துள்ளுகிறது. மண்டையில் துளையில்லை, தோலில் ஊசியில்லை. விரலுக்குரியவர் அதை அசைக்க நினைக்கவும் இல்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் 1985இல் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பே மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர் தலைத்தோல் வழியாக மின்சாரம் செலுத்தி மூளையைத் தூண்டியிருந்தார்கள். ஆனால் மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. அதைத் தாண்டும் அளவுக்குச் செலுத்தினால் வலிக்கும். காந்தப்புலத்துக்கோ எலும்பு ஒரு பொருட்டே இல்லை.

நரம்புசெல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். அந்த வித்தியாசம் ஏறக்குறைய 55 மில்லிவோல்ட்டாகக் குறைந்தால் போதும், சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் மளமளவென்று திறக்கும். திரியில் நெருப்பு ஓடுவதுபோல் சமிக்ஞை ஓடும். வெளியிலிருந்து தேவைப்படுவது அந்தச் சிறு உந்துதல்தான். அதைத் தர, சுருளோடு இணைந்த கருவியின் மின்தேக்கிகள் சேர்த்துவைத்த மின்சாரத்தைச் சுருளுக்குள் கொட்டுகின்றன: சில ஆயிரம் ஆம்பியர், மில்லிநொடிக்கும் குறைந்த நேரம். காந்தப்புலம் 2 டெஸ்லா அளவுக்கு எகிறி அடங்குகிறது. மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831இல் ஃபாரடே கண்டாரே, இங்கே அந்தக் கடத்தி நம் மூளைதான்.

‘மாறும்’ என்பதில்தான் சூட்சுமம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெரிய காந்தம் பொதுவாக 3 டெஸ்லா வரை இருக்கும். அதற்குள் அரைமணி நேரம் படுத்தாலும் அதன் நிலையான புலத்தால் விரல் துள்ளாது. அதே இயந்திரத்தில் படம் பிடிப்பதற்காக வேகமாக மாறும் சிறிய புலங்களோ சிலருக்குத் தசையைச் சுண்டி இழுக்கும். ‘நரம்பைத் தூண்டும்’ என்று காந்த வளையல் விற்பவரிடம், அதன் புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மூளையில் புறப்பட்ட சமிக்ஞை கைத்தசையைச் சேர ஏறக்குறைய 20 மில்லிநொடி ஆகும். நரம்பின் மயலின் உறை சிதையும் நோயில் அது தாமதமாகும். மருத்துவர் இந்தச் சுருளால் அதை அளந்து பார்க்கலாம். மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு, நெற்றியின் இடப்பக்கம் பல வாரம் இந்தத் துடிப்புகளைக் கொடுக்கும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி தந்தது. எல்லாருக்கும் அது குணம் தருவதில்லை. அரிதாக வலிப்பும் வரலாம்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப்போ காதுக்குள் காக்ளியர் கருவியோ இருந்தால், முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.