எண்களுக்குள் ஒளிந்திருந்த போர்

1914-இல் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது. "நாங்கள் யார் பக்கமும் இல்லை" என்று அறிவித்தார் அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன். அந்த அமெரிக்காவே 1917 ஏப்ரலில் போரில் இறங்கியது. ஏன்?

முதல் காரணம் கடலில் இருந்தது. அமெரிக்கச் சரக்குகள் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அமெரிக்க மக்களும் பிரிட்டிஷ் கப்பல்களில் பயணம் செய்தார்கள். 1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அமெரிக்கர்கள். அப்போதும் வில்சன் போருக்குப் போகவில்லை.

1917 பிப்ரவரி 1 முதல், நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் எச்சரிக்காமல் தாக்குவது என்று ஜெர்மனி முடிவெடுத்தது. அமெரிக்கா சும்மா இருக்காது என்பது அதற்குத் தெரியும். அதனால் ஜனவரி 16 அன்றே, ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவில் இருந்த தம் தூதருக்கு ரகசியத் தந்தி ஒன்றை அனுப்பினார். "அமெரிக்காவுடன் போர் வந்தால் மெக்சிகோ நம்மோடு சேரட்டும். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா பகுதிகளை அது திரும்பப் பெறலாம்" என்பதே அதிலிருந்த செய்தி.

ஜெர்மனியின் கடலடிக் கேபிள்களைப் போர் தொடங்கியதுமே பிரிட்டன் அறுத்துவிட்டது. பிறகு தந்தி எப்படிப் போனது? சமாதானப் பேச்சுக்காக வில்சன் அனுமதித்திருந்த அமெரிக்கத் தூதரகக் கம்பி வழியாகத்தான்! அமெரிக்காவுக்கு எதிரான திட்டம் அமெரிக்காவின் கம்பியிலேயே பயணம் செய்தது. அந்தக் கம்பி பிரிட்டன் வழியாகப் போனது. அங்கே 'அறை 40' என்ற பிரிவில் கடற்படையின் ரகசியக் குறியீட்டு நிபுணர்கள் காத்திருந்தார்கள்.

தந்தியில் இருந்தவை வெறும் எண்கள். குறியீட்டுப் புத்தகத்தில் பல சொற்களுக்குத் தனித்தனி எண் உண்டு. மெக்சிகோ சென்ற தந்தியில் 67893 என்றால் மெக்சிகோ. அரிசோனாவுக்குத் தனி எண் இல்லாததால், அந்தப் பெயரை நான்கு துண்டுகளாக உடைத்து அனுப்பினார்கள்.

புத்தகம் கையில் இல்லாமல் பூட்டை எப்படித் திறப்பது? திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பதுதான் வழி. ஒரே குறியீட்டில் பல செய்திகள் போனால், சில எண்கள் அடிக்கடி வரும். சில எப்போதும் கடைசியில் வரும். ஒரு சொல்லை ஊகித்தால், அது அடுத்த சொல்லுக்கு வழிகாட்டும்.

இப்படி அறை 40 படித்த தந்தியைப் பிரிட்டன் அமெரிக்காவிடம் கொடுத்தது. மார்ச் 1 அன்று அமெரிக்கச் செய்தித்தாள்களில் அது வெளியானது. பலர் போலி என்றார்கள். மார்ச் 3 அன்று சிம்மர்மனே உண்மை என்று ஒப்புக்கொண்டார்! அந்த மாதமே அமெரிக்கக் கப்பல்கள் சில மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது. மெக்சிகோ அந்த வலையில் விழவில்லை. வேண்டாம் என்று மறுத்துவிட்டது. போரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தனர்.

தந்தி மட்டுமே போரைக் கொண்டுவரவில்லை. வணிகம், கப்பல்கள், கேபிள்கள் என்று நாடுகளை இணைப்பவை எல்லாம் போரையும் கூட்டி வரக்கூடும். அதனால்தான் தொலைதூரத்துப் போரை நிறுத்துவதும் எல்லாருக்குமான வேலை.

செய்து பாருங்கள்: ஒரு கதையின் பத்து வரிகளை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒரே சொல் மீண்டும் வந்தால் அதே எண். எண்களை மட்டும் நண்பரிடம் கொடுங்கள். அதிகமுறை வரும் எண் 'ஒரு' என்பதா, 'என்று' என்பதா? அவர் கண்டுபிடிக்கட்டும்!